தேதி இல்லாத கையெழுத்து

எங்க முதலாளி செபாஸ்டின் இந்தப் பதினோரு வருசத்துல என்கிட்ட ஒரு தடவகூட யோசனை கேட்டதில்ல. பொங்கலுக்கு லீவு உண்டா இல்லையான்னு அவரு சொல்லுவாரு, நாங்க தலைய ஆட்டுவோம். அப்பேர்ப்பட்ட மனுசன் ஜனவரி கடைசியில ஒரு நாள் வெள்ளனே என்னை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டு, நாற்காலியக் காட்டி, "உக்காரு தமயந்தி"ன்னாரு. நான் உக்காரல.

"நம்ம ஸ்டாஃப் எல்லாருக்கும் பாதுகாப்பு டிரெய்னிங் குடுக்கணும். எந்தக் கோர்ஸ் நல்லதுன்னு நீயே விசாரிச்சுச் சொல்லு. நீ பத்தாவது படிச்சவ"ன்னு ரெண்டு நோட்டீசைக் கையில குடுத்தாரு.

எலி அம்மணமா ஓடுதுன்னா சும்மாவா ஓடும்?

எனக்கு மலை மேல வட்டக்கானல்ல அவரு காட்டேஜ்ல ரூம் சுத்தம் பண்ற சோலி. எங்க வீட்டுக்காரர் சுப்புராஜுக்கு அங்கேயே வாட்ச்மேன் வேலை. வீடு பேத்துப்பாறையில. மழையோ பனியோ ரெண்டு பேரும் சேந்துதான் வேலைக்கு வருவோம், போவோம். எங்க பொழப்புல எந்த வம்பும் கெடையாது, போன டிசம்பர் இருபத்தேழாம் தேதி வரைக்கும்.

அன்னைக்குக் கோயமுத்தூர்ல இருந்து ஒரு குடும்பம் வந்து தங்குச்சு. அப்பா, அம்மா, பதினாறு வயசுல ஒரு பொண்ணு. குளிரு தாங்கலன்னு சொன்னாங்க. எங்க வீட்டுக்காரர் கரி அடுப்ப மூட்டி ரூமுக்குள்ள கொண்டு போய் வச்சாரு. கதவு சன்னலெல்லாம் சாத்தியே கெடந்துச்சு. விடிஞ்சு நான் டீ கொண்டு போறேன், தட்டுறேன், தட்டுறேன், யாரும் தொறக்கல. கதவ ஒடச்சு, மயங்கிக் கெடந்த மூணு பேரையும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினோம். தாய் தகப்பன் ரெண்டு நாள்ல எந்திரிச்சு உக்காந்துட்டாங்க. அந்தப் புள்ள பன்னெண்டு நாளு கண்ணத் தொறக்கல.

அந்தப் பன்னெண்டு நாளும் எங்க வீட்டுக்காரர் சரியாச் சோறு திங்கல. "அந்தப் புள்ள பொழைச்சா பழனிக்கு வந்து முடி எறக்குறேன்"னு வேண்டிக்கிட்டாரு. பதிமூணாம் நாள் அது கண்ணு முழிச்சிருச்சுன்னு சேதி வந்ததும் பஸ் ஏறிப் போய் மொட்டை போட்டுட்டு வந்தாரு. தலைக்குச் சந்தனம் பூசிக்கிட்டு வாசல்ல வந்து நின்னப்ப எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு.

ஆனா போலீஸ் கேஸ் அப்படியே கெடந்துச்சு. டிசம்பர் இருபத்தெட்டாம் தேதியே இவரக் கூட்டிட்டுப் போய் விசாரிச்சு, போட்டோ எடுத்து, கேக்காம ஊர விட்டுப் போகக் கூடாதுன்னு சொல்லி அனுப்பியிருந்தாங்க. அடுப்ப யாரு வைக்கச் சொன்னதுன்னு கேட்டதுக்கு இவரு வாயே தொறக்கல. "வெரசா கரி மூட்டிக் கொண்டு போய் வையி"ன்னு முதலாளிதான் போன்ல சொன்னாரு. நான் பக்கத்துல நின்னு என் காதால கேட்டேன். அதச் சொல்லிருங்கன்னு இவருகிட்ட சொன்னா, "பதினோரு வருசம் சோறு போட்ட மனுசன், நான் பாத்துக்கிறேன்னு சொல்லியிருக்காரு. அவரக் காட்டிக் குடுக்கச் சொல்றியா?"ன்னு என்கிட்டயே எகிறுனாரு. என்னையும் வாயத் தொறக்கக் கூடாதுன்னுட்டாரு. பழி இவரு தலையில விழுந்தா ஜெயிலுக்குப் போறது இவருதான். அந்தப் பயத்துலயே எனக்கு மாசம் ஒண்ணு ஓடிப்போச்சு.

இந்த நேரத்துலதான் என்னைக் கோர்ஸ் பாக்கச் சொன்னாரு முதலாளி. சந்தேகம் வராம என்ன செய்யும்?

மொத நோட்டீஸ் அனிட்டான்னு ஒரு அம்மாவோடது. மூஞ்சிக்கல் பக்கத்துல ஒரு ஹால் பிடிச்சு, காட்டேஜ், ஹோட்டல்ல வேலை பாக்குறவங்களுக்குச் சொல்லிக் குடுக்குறாங்க. மூணு நாள் கோர்ஸ். நான் போனப்ப ஒரு பெரிய சட்டியில தீய வளத்துவிட்டு, வயசாளுக ரெண்டு பேரு கையில தீயணைக்கிற சிவப்பு சிலிண்டரக் குடுத்து, "நீங்களே அந்தப் பின்னைப் பிடுங்குங்கண்ணே, நான் தொட மாட்டேன்"னு தள்ளி நின்னாங்க.

என்கிட்ட வந்ததும் அந்தம்மா கேட்ட மொதக் கேள்வி, "உங்க காட்டேஜ்ல இதுக்கு முன்னாடி ஏதாவது அசம்பாவிதம் நடந்திருக்காங்க? எப்படி நடந்துச்சு?" எனக்குச் சுருக்குன்னுச்சு. இவ யாரு இதைக் கேக்க? முதலாளி விட்ட ஆளா, போலீஸ் விட்ட ஆளா? "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க"ன்னு சொல்லிட்டேன்.

"மூணு நாளும் வரணும். ஒரு நாள் வரலைன்னாலும் சர்டிபிகேட் கெடையாது"ன்னாங்க. வந்து பாத்ததுக்கு ஒரு தாள்ல கையெழுத்துக் கேட்டாங்க. நான் பேர எழுதி நீட்டினதும், "தேதி போடலையே. தேதி இல்லாத தாள்ல எங்கயுமே கையெழுத்துப் போடாதீங்க"ன்னு திருப்பிக் குடுத்தாங்க. எனக்கு மூக்குக்கு மேல கோவம். எனக்கே பாடம் எடுக்குறாளேன்னு விறுவிறுன்னு வந்துட்டேன்.

ரெண்டாவது நோட்டீஸ்காரரு ஞானவேல். திண்டுக்கல்ல இருந்து அவரே கார்ல வந்து எறங்குனாரு. வாய்க்கு வாய் அக்கா. "ஒரே நாள்தான்க்கா. உங்க டைனிங் ஹால்லயே நடத்திரலாம். மதியம் சிக்கன் பிரியாணி. பன்னெண்டு பேருக்கும் சர்டிபிகேட் நிச்சயம்"னு சிரிச்சாரு. அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கலதான். ஆனா என்கூட வேலை பாக்குற ரோகிணி, "உனக்கு உன் நிழலப் பாத்தாலே சந்தேகம். மூணு நாள் கூலிய விட்டுட்டு அந்தப் பொம்பள பின்னாடி யாரு அலையுறது? பேசாம பிரியாணிக்குச் சரின்னு சொல்லு"ன்னா. மத்தவங்களும் அதையே பிடிச்சுக்கிட்டாங்க.

நானும் சரின்னேன். பின்னால நெனச்சு நெனச்சு என்னையே நான் திட்டுனது அதுக்குத்தான். கேள்வி கேட்டவ மேல சந்தேகப்பட்டேன், கேள்வியே கேக்காதவன விட்டுட்டேன்.

"நானும் அதைத்தான் நெனச்சேன்"னாரு முதலாளி. "கோர்ஸைத் தேர்ந்தெடுத்தது ஸ்டாஃப் சார்பா தமயந்தின்னு ஒரு கையெழுத்துப் போட்டுரு." போட்டேன்.

பிப்ரவரி ஆறாம் தேதி டிரெய்னிங் நடந்துச்சு. சுவத்துல ஒரு படம் ஓட்டுனாங்க. தொப்பி போட்டுக்கிட்டு எங்கயோ பெரிய பில்டிங் கட்டுறாங்க, கயிறு கட்டிக்கிட்டு ஏறுறாங்க. எங்களுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? பாதிப் பேரு தூங்கிட்டாங்க. கரி அடுப்பு பத்தி ஒரு வார்த்தை இல்ல. நான் கையத் தூக்கி, "ரூமுக்குள்ள கரி வச்சா மனுசன் ஏங்க மயங்குறான்?"னு கேட்டேன். ஞானவேல் முதலாளியப் பாத்தாரு, முதலாளி சன்னலப் பாத்தாரு. "அதெல்லாம் அடுத்த கோர்ஸ்ல வரும்க்கா"ன்னு சொல்லிட்டு இலையப் போடச் சொல்லிட்டாரு.

சாப்பிட்டுக் கை கழுவுனதும் வரிசையா நிக்க வச்சுக் கையெழுத்து வாங்குனாங்க. தாள்ல தேதி போடுற எடம் காலியாக் கெடந்துச்சு. "தேதி?"ன்னு கேட்டேன். "அத நாங்க டைப் பண்ணிக்குவோம்க்கா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்"னாரு. எனக்குப் பின்னாடி ஆளுக நெருக்கிக்கிட்டு நின்னாங்க. அனிட்டாம்மா சொன்னது காதுல கேட்டுக்கிட்டே இருந்துச்சு. கேட்டும் போட்டேன். என் வீட்டுக்காரரும் எனக்குக் கீழ போட்டாரு.

எல்லாரோட போட்டோவையும் வாங்கி ஒரு கவர்ல போட்டு நான்தான் மறுநாள் ஆபீஸ்ல குடுக்கணும். ஞானவேல் கார்ல ஏறப் போனவரு திரும்பி வந்து, கொரலத் தாழ்த்தி, "அக்கா, உங்க வீட்டுக்காரருக்கு மட்டும் பழைய போட்டோ இருந்தாக் குடுங்க. முடியோட இருக்குறது. மொட்டைத் தலை சர்டிபிகேட்டுக்கு நல்லாருக்காது"ன்னாரு.

பழனி மொட்டையில என்னய்யா நல்லாருக்காது? இந்தச் சுத்து வட்டாரத்துல மொட்டை போடாத தலை எது? மத்த பதினோரு பேருக்கும் எந்தப் போட்டோன்னு கேக்காதவருக்கு இந்த ஒரு தலை மேல மட்டும் என்ன அக்கறை? ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையா இருந்துச்சு எனக்கு.

வீட்டுக்கு வந்து பாத்தேன். ரேஷன் கார்டு கவருக்குள்ள பழைய போட்டோவும் இருந்துச்சு. கேஸுக்காக ஜனவரியில வக்கீல் கேட்டு எடுத்த மொட்டைப் போட்டோவும் இருந்துச்சு. ரெண்டையும் வெளிச்சத்துல வச்சு மாத்தி மாத்திப் பாத்தேன். மொட்டையத்தான் உள்ள போட்டு, கவர் வாயில பின் அடிச்சுக் குடுத்தேன். ஏன்னு கேட்டா அப்ப எனக்கே சொல்லத் தெரியாது. அவன் கேட்டதக் குடுக்கக் கூடாதுன்னு மனசு சொல்லுச்சு, அவ்வளவுதான்.

பத்து நாள் கழிச்சு சர்டிபிகேட் வந்துருச்சுன்னு தெரிஞ்சுச்சு. ஆனா எங்க கையில யாருக்கும் குடுக்கல. "ஆபீஸ்ல பத்திரமா இருக்கட்டும்"னுட்டாரு முதலாளி. ஆபீஸ் மேசையத் தொடைக்கிறது என் சோலிதானே. மறுநாளே ஃபைலத் தொறந்தேன். மேலயே எங்க வீட்டுக்காரர் சர்டிபிகேட். மூடிய அறையில் கரி அடுப்பு வைப்பதால் வரும் ஆபத்து பற்றி முழுப் பயிற்சி பெற்றார்னு போட்டிருந்துச்சு. தேதி, நவம்பர் பதினாலு.

அந்தத் தேதிய விரல் வச்சு மறுபடியும் படிச்சேன். அதாவது அந்தப் புள்ள மயங்குறதுக்கு ஒன்றரை மாசம் முன்னாடியே இவருக்கு எல்லாம் சொல்லிக் குடுத்தாச்சு. தெரிஞ்சே இவரு வச்சாரு. முதலாளிக்கு ஒண்ணும் தெரியாது, அவரு நல்லவரு, காசு செலவழிச்சுப் பாடம் சொல்லிக் குடுத்தவரு. அந்தப் பாடத்தத் தேர்ந்தெடுத்தது யாருன்னு பாத்தா, கடைசித் தாள்ல என் கையெழுத்து. என் புருசன ஜெயிலுக்கு அனுப்புற தாள்ல நானே கையெழுத்துப் போட்டிருக்கேன்.

வீட்டுல போய்ச் சொன்னேன். "நீ சரியாப் பாத்திருக்க மாட்ட. முதலாளி அப்படிச் செய்யிற ஆளில்ல"ன்னாரு இவரு. புருசன்னுகூடப் பாக்காம வாய்க்கு வந்தபடி திட்டுனேன். மொட்டைத் தலையத் தடவிக்கிட்டு உக்காந்திருந்தாரு.

அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் காட்டேஜுக்கே விசாரிக்க வந்தாரு. எங்களையெல்லாம் டைனிங் ஹால்ல நிக்க வச்சாங்க. முதலாளி தயாரா இருந்த ஃபைலத் தூக்கி மேசையில வச்சாரு. "சார், நான் ஸ்டாஃபுக்கு நவம்பர்லயே டிரெய்னிங் குடுத்துட்டேன். கரி அடுப்பு வைக்கக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னோம். இவன் கேக்கல சார். இவன் அலட்சியத்தால என் பேரும் கெட்டுப் போச்சு."

நான் என் வீட்டுக்காரர் மூஞ்சியத்தான் பாத்தேன். அந்த மூஞ்சிய நான் அதுக்கு முன்னாடி பாத்ததில்ல. பெத்த தகப்பன் எல்லாரு முன்னாடியும் நீ யாருன்னு கேட்ட மாதிரி நின்னாரு.

"சார், அந்தப் போட்டோவக் கொஞ்சம் பாருங்க"ன்னேன்.

"நீ சும்மா இரு தமயந்தி. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாத"ன்னாரு முதலாளி. சொன்ன பெறகுதான் அவரு சர்டிபிகேட்டக் குனிஞ்சு பாத்தாரு. அப்பதான் மொதத் தடவையா அந்தப் போட்டோ அவரு கண்ணுல பட்டுச்சுன்னு நெனைக்கிறேன். பின் அடிச்ச கவர அவரும் பிரிக்கல, ஞானவேலும் பாக்காம ஆளுககிட்ட ஒட்டக் குடுத்துட்டாரு போல. கையி தானா ஃபைல் பக்கம் போச்சு. இன்ஸ்பெக்டர் ஃபைலத் தன் பக்கம் இழுத்துக்கிட்டாரு.

"அந்தப் புள்ள பொழைச்ச பெறகு, ஜனவரியில போட்ட மொட்டை சார் இது. நவம்பர் சர்டிபிகேட்ல ஜனவரி மொட்டை எப்படி சார் வந்துச்சு?"

இன்ஸ்பெக்டர் தன் பையில இருந்த கேஸ் கட்டப் பிரிச்சாரு. டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி ஸ்டேஷன்ல எடுத்த போட்டோ. பிடரி வரைக்கும் முடி, நெத்தியில விழுந்து கெடந்துச்சு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சாரு. "நவம்பர் பாதியில மொட்டை, டிசம்பர் கடைசியில இவ்வளவு முடி. என்ன எண்ணெய் தேய்ச்சீங்க?"ன்னு முதலாளியக் கேட்டாரு. கேட்டவரு சிரிக்கல.

"டிரெய்னிங் நடந்தது பிப்ரவரி ஆறாம் தேதி சார்"னு பின்னாடி இருந்து ரோகிணி கொரல். "எனக்கு பிரியாணியில லெக் பீஸ் வரல. அதனால நல்லா ஞாபகம் இருக்கு." அதுக்குப் பெறகு ஒவ்வொருத்தரா ஆமா ஆமான்னாங்க.

இன்ஸ்பெக்டர் எங்க வீட்டுக்காரர் பக்கம் திரும்புனாரு. "கரி அடுப்ப ரூமுக்குள்ள வைக்கக் கூடாதுன்னு உனக்கு யாராச்சும் சொன்னாங்களா?"

"இல்ல சார். எங்க வீட்டுலயே வருசா வருசம் வைப்போம் சார்."

"அன்னைக்கு அந்த ரூம்ல வைக்கச் சொன்னது யாரு?"

இவரு முதலாளிய ரொம்ப நேரம் பாத்தாரு. முதலாளி இவரப் பாக்கவே இல்ல. "முதலாளிதான் சார்"னாரு. சொல்லிட்டு அப்படியே தரையில உக்காந்து அழுதுட்டாரு. தோத்துப் போனதுக்கு அழுதாரா, பாரம் எறங்குனதுக்கு அழுதாரான்னு எனக்குத் தெரியல. நானும் கேக்கல.

கேஸ் இன்னும் முடியல. ஆனா இப்ப அதுல செபாஸ்டின் பேரும் இருக்கு, ஞானவேல் பேரும் இருக்கு. எங்களுக்கு அங்க வேலை இல்ல. வடகவுஞ்சியில ஒரு ஹோட்டல்ல கேட்டோம், முறையா டிரெய்னிங் முடிச்சவங்கன்னா எடுத்துக்கிறேன்னாங்க.

போன திங்கக்கெழமை ரெண்டு பேரும் மூஞ்சிக்கல்லுக்குப் போனோம். இவரு தலையில முடி ஒரு விரக்கடை வளந்திருந்துச்சு. அனிட்டாம்மாவுக்கு என்னை அடையாளம் தெரிஞ்சுச்சு. ஆனா ஒண்ணும் கேக்கல. எல்லாரும் உக்காந்த பெறகு, "மூடுன ரூமுக்குள்ள குளிருக்குக் கரி வச்சவங்க எத்தனை பேரு?"ன்னு கேட்டாங்க. ஹால்ல இருந்த இருபது பேரும் ஒருத்தர ஒருத்தரு பாத்துக்கிட்டோம். மொதல்ல கையத் தூக்குனது எங்க வீட்டுக்காரரு. அப்புறம் நான். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா எல்லாரும்.

"கரியில இருந்து வர்ற அந்த வெசக் காத்துக்கு வாசனை கெடையாது, நெறம் கெடையாது. தூக்கம் வர்ற மாதிரிதான் வரும்"னாங்க அந்தம்மா. இந்த ஒத்த வரிய யாராச்சும் எங்களுக்கு நெசமாவே நவம்பர்ல சொல்லியிருக்கலாம்.

வருகைத் தாள் சுத்தி வந்துச்சு. இவரு வாங்கி, பேனாவ எடுத்துட்டு, என்னைப் பாத்தாரு. பேர எழுதுறதுக்கு முன்னாடி தேதியப் போட்டாரு.