அடுப்படிச் சுவர்

கடப்பாரை சுவரில் இறங்கியபோது அடுப்படியில் இருந்தவர்கள் இவர்கள்தான்: வீட்டுக்குரிய சென்னப்பக் கவுண்டர், அவர் மகன் அர்ச்சுனன், மருமகள் செல்லி, பங்காளி தீர்த்தகிரி. நடுவே பாயில், மூக்கில் பஞ்சு வைத்து, கவுண்டரின் மனைவி மாதம்மாள். மற்றவர்கள் வாசலில் நின்றார்கள்.

மாதம்மாள் அன்று விடியலில் அவிட்டத்தில் போய்விட்டாள். அவிட்டம் அடைப்பு நட்சத்திரம். அதில் இறந்தவர்களைத் தலைவாசல் வழியே கொண்டுபோனால் பின்னாலேயே இன்னொரு சாவு வரும் என்பார்கள். சுவரை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் அந்த வழியை அடைத்துவிடவும் வேண்டும். இண்டூரில் இதை யாரும் மீறியதில்லை.

"வூடா கட்டியிருக்கற, கோட்டையில்ல கட்டியிருக்கற! கடப்பாரை எகிறுது பாரு" என்றார் தீர்த்தகிரி. 

"வேற எடம் பாக்கலாம்ப்பா" என்றான் அர்ச்சுனன்.

செல்லி முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சுவரில் ஓரிடத்தைக் காட்டினாள். "அங்க இடிங்க மாமா. அத்தை அங்கதான கேட்டாங்க."

கரி படிந்த சுவரில் ஒரு முழச் சதுரம் மட்டும் வெள்ளையாக இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் மாதம்மாள் அங்கே சுண்ணாம்பு பூசுவாள். அது எதற்கென்று கவுண்டர் ஒருமுறை கேட்டார். "கண்ணுக்குக் கொஞ்சம் வெளிச்சமா இருக்குதுங்க" என்றாள்.

அதற்கு முன்பே அவள் அந்த இடத்தில் ஜன்னல் கேட்டிருந்தாள். "வேல முடிஞ்சதும் அஞ்சு நிமிசம் வெளிய பாத்தா நெஞ்சு பாரம் எறங்கிடுங்க. அந்தப் புளியமரம் தெரிஞ்சாப் போதும்."

"ரோட்டுல போறவன் வர்றவன் எல்லாம் எம் பொண்டாட்டி மொவத்தப் பாக்கறதுக்கா? பேசாம வேலயப் பாரு." தம் வீட்டுப் பெண்கள் பிறர் கண்ணில் படாமல் வாழ்ந்தவர்கள் என்பதில் அவருக்குப் பெருமை. அவள் இரண்டாவது முறை கேட்கவில்லை. கடைசி ஐந்து வருடம் இருமினாள். புகைதான் காரணம் என்று தருமபுரி டாக்டர் சொன்னபோது, டாக்டருக்கு என்ன தெரியும் என்று கவுண்டர் திரும்பிவிட்டார்.

இப்போது அந்தச் சதுரத்தில் கவுண்டரின் கடப்பாரை பாய்ந்தது. கல்லும் மண்ணும் தரைவரை சரிந்தன. வெயில் நேராக மாதம்மாளின் முகத்தில் விழுந்தது. மத்தியானத்திலும் விளக்கு எரிந்த அறை அது. அங்கே அவள் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் கவுண்டர் பார்த்தது அன்றுதான். இமையோரம் எல்லாம் கரி. துண்டின் நுனியை நனைத்துத் துடைக்கப் பார்த்தார். போகவில்லை.

"நேரமாவுதுப்பா" என்றார் தீர்த்தகிரி.

சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் அர்ச்சுனன் சேறு குழைத்தான். கவுண்டர் யாரையும் விடாமல் தாமே கல் அடுக்கினார். உள்ளே செல்லி சாம்பலை அள்ளிக்கொண்டிருந்தாள். இடையிடையே இருமினாள். அந்த இருமல் அவருக்குத் தெரிந்த இருமல்.

இடுப்பு உயரம் வந்ததும் கவுண்டரின் கை நின்றது.

"செல்லி."

"என்னங்க மாமா?"

"அடுப்புக்கு முன்னால ஒக்காரும்மா."

"எதுக்குங்க?"

"ஒக்காருன்னா ஒக்காரு."

அவள் உட்கார்ந்தாள். கவுண்டர் குனிந்து அவள் கண் உயரத்தைப் பார்த்தார். ஒரு கல்லை எடுத்துவிட்டார். விளிம்பைக் கையால் மெழுகினார்.

"பாதியில வுட்டுட்டியே" என்றார் தீர்த்தகிரி. "ரோட்டுல போறவனுக்கு உள்ள தெரியுமேப்பா. ஒன்னோட கௌரவம் என்னாவறது?"

"ஆளு போன வழிய அடைச்சாச்சு."

"மேல தொறந்து கெடக்குதே?"

"அடைச்சாச்சுன்னு சொன்னேன்." கவுண்டர் கை கழுவினார். "அர்ச்சுனா, நாளைக்கி ஆசாரிய வரச் சொல்லு."

மனைவியின் ஆவி வந்துபோகச் சென்னப்பக் கவுண்டர் சுவரில் ஓட்டை விட்டுவைத்திருக்கிறார் என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். காரிமங்கலம் வரை அந்தப் பேச்சு போனது. அப்படி ஒன்றும் இல்லை. அது ஜன்னல். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தால் புளியமரம் தெரியும்.