ஒன்று முதல் ஏழு வரை

என் படிவத்தில் பதினெட்டுக் கட்டங்கள். சாப்பிடுவது, குளிப்பது, சட்டை மாட்டுவது என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு. நோயாளி தானே செய்தால் ஏழு. தானே செய்தும் கூடுதல் நேரம் பிடித்தால் ஆறு. முழுக்கப் பிறர் செய்தால் ஒன்று. செய்ய முடியுமா என்பதல்ல, செய்கிறாரா என்பதுதான் கேள்வி.

குன்றக்குடி சாலையில் வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட குமரப்பனுக்கு ஏழு மாதமாக நான்தான் மறுவாழ்வுப் பயிற்சி கொடுக்கிறேன். கை கால் தேறிவிட்டது. பேச்சும் யோசனையும் மட்டும் நிதானம். வங்கியில் வேலை பார்க்கும் அவர் மனைவி கண்ணம்மைக்குத் திங்கட்கிழமை விடுப்பு முடிகிறது. குமரப்பன் பகலில் தனியாக இருக்கலாம் என்று நான் எழுதித் தர வேண்டும். இல்லையென்றால் தேவகோட்டையிலிருந்து அவர் ஆச்சி என்று கூப்பிடும் அக்கா சிட்டாள் துணைக்கு வந்துவிடுவார். வந்தால் ஆறு மாதத்துக்கு நகர மாட்டாராம்.

காரைக்குடியில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். குமரப்பன் தண்ணீருக்குக் கை நீட்டினார். கண்ணம்மை டம்ளரை அவர் வாயிலேயே வைத்துவிட்டார். குமரப்பன் சட்டையை எடுக்கப் போனார். கண்ணம்மை பொத்தான் வரைக்கும் போட்டு முடித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கையக் கட்டிக்கிட்டு சும்மா இருங்கம்மா! எல்லாத்துக்கும் ஒண்ணுதான் போட்டிருக்கேன்."

"ஐயய்யோ, ரேணுகா! அடிபடுறதுக்கு முன்னாடியும் இப்புடித்தாம்மா இருந்தாக. கல்யாணமாகி இருபத்தாறு வருசமாச்சு, அடுப்படி எங்குட்டு இருக்குன்னே தெரியாது."

அப்படியானால் மனிதர் தாலி கட்டிய நாளிலிருந்தே ஒன்றுதான். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

"அப்ப அவுக அக்காவ வரச் சொல்லிருங்க," என்றேன்.

குமரப்பன் மெல்ல எழுந்தார். "ஆச்சி... வேணாம்," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்கு நடந்தார். பின்னால் ஓடப்போன கண்ணம்மையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அடுப்படி வாசலில் நின்றபடி இருவரும் பார்த்தோம்.

இருபது நிமிடம் ஆனது. நான்கு டப்பாவைத் திறந்து பார்த்தார். பால் பொங்கும்போது அடுப்பைத் தணித்தார். மூன்று டம்ளர் காப்பியோடு பாதி தூரம் வந்தவர் நின்றார், தட்டைக் கீழே வைத்தார், திரும்பிப் போய் கேஸை மூடினார். நான் காத்திருந்தது அதற்குத்தான்.

முதல் டம்ளரைக் கண்ணம்மையிடம் நீட்டினார். நானும் ஒரு வாய் குடித்தேன். சர்க்கரைக்குப் பதில் உப்பு.

உப்புக்கு என் படிவத்தில் கட்டம் இல்லை. கண்ணம்மையை அங்கேயே உட்கார வைத்துவிட்டு, சட்டையிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். நேரம் பிடித்தது, ஆனால் எல்லாவற்றையும் தானே செய்தார். வரிசையாக ஆறு போட்டுக் கையெழுத்திட்டேன்.

கண்ணம்மை அந்தக் காப்பியைச் சொட்டு விடாமல் குடித்திருந்தார். காலி டம்ளரோடு எழுந்தார்.

"வையி," என்றார் குமரப்பன். "நான்... கழுவுறேன்."

கண்ணம்மைக்குக் கண் நிறைந்துவிட்டது. என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஏம்மா, இதுக்குத் தலையில அடிபட வேண்டியிருந்துச்சா?"