மிச்சம் பிடித்த மின்சாரம்

மின்சாரத்தை மிச்சம் பிடிப்பது எப்படி என்று பேச இருபத்திரண்டு வளரும் நாடுகளின் அதிகாரிகள் கூடியிருந்த அந்த மண்டபத்தில், ஏசி குளிர் தாங்காமல் பாதிப் பேர் சால்வை போர்த்தியிருந்தார்கள். ஊருக்குத்தான் உபதேசம். நானும் போர்த்தியிருந்தேன், அதனால் மற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

மதியம் இரண்டரைக்கு நான் பேச வேண்டும். மின்துறையில் பொறியாளர் நான். எங்கள் திட்டம் எளிமையானது. வீட்டு மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. எண்ணூறு வாட்டுக்கு மேல் இழுத்தால் துண்டித்துவிடும், அரை மணி நேரம் கழித்துத் தானாகவே திரும்ப விடும். பெட்டி செய்தவர்கள் ஐந்து நிமிடம் என்றுதான் வைத்திருந்தார்கள். "அஞ்சு நிமிஷத்துல யாருக்கும் புத்தி வராது" என்று சொல்லி அதை முப்பதாக்கியவள் நான். சோதனைக்கு நாலாயிரம் வீடுகளில் மாட்டினோம். மின்செலவு பதினெட்டு சதவீதம் குறைந்தது. நாடு முழுக்க மாட்டுவதற்கான உத்தரவு அமைச்சரின் மேசையில் தயாராக இருந்தது.

அந்த நாலாயிரத்தில் அக்கா வீடும் ஒன்று. சொந்தக்காரர் வீட்டில் மாட்டாததை ஊரார் வீட்டில் மாட்டக்கூடாது என்ற வீறாப்பில் நான்தான் முதல் ஆளாக அங்கே மாட்டச் சொன்னேன். என் வீடு அந்தப் பகுதியில் இல்லை. அது எனக்கு வசதியாகப் போயிற்று.

சாப்பாட்டு இடைவேளையில் அக்கா கூப்பிட்டாள்.

"பாப்பாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம்டி. காலையில மூச்சுத் திணறல் வந்துச்சு. மருந்தை ஊத்தி, அதைப் புகையா மூக்குல விடுற அந்த மெஷினைப் போட்டேன். ஃப்ரிட்ஜ் ஓடிட்டிருந்தது. உங்க மாமா தெரியாம அயர்ன் பாக்ஸைப் போட்டுட்டாரு. பொட்டுனு போயிருச்சு."

"அரை மணி நேரமாக்கா?"

"அரை மணி நேரம். உனக்குத் தெரியாததா? ஆட்டோ பிடிச்சுத் தூக்கிட்டு ஓடினோம். இப்ப ஆக்சிஜன் வச்சிருக்காங்க. மூச்சு சீராகுதுன்னு டாக்டர் சொல்றாரு."

"இந்தப் பெட்டி அடிக்கடி இப்படி அணைக்குதா? ஏன்க்கா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"தினமும் நாலஞ்சு தடவை. தெருவுல அதுக்கு மாமியார்னு பேரு. ஒரு சாமானுக்கு மேல போட்டா பொறுக்காதாம். என் தங்கச்சி திட்டம்னு எல்லாருக்கும் தெரியும். உன் பேரு கெட வேண்டாம்னு வாயைத் திறக்கல." அழுகிறாள் என்று தெரிந்தது. "அதைக் கழட்டணும்னா யாருகிட்டடி சொல்லணும்? அதை மட்டும் சொல்லு."

யாரிடம் சொல்ல வேண்டும் என்று நாங்கள் எங்குமே எழுதி வைக்கவில்லை.

மடிக்கணினியைத் திறந்து அக்கா வீட்டு மீட்டரை எடுத்தேன். கால் மணிக்கு ஒரு அளவு பதிவாகும். தெருவிலேயே அதிக மிச்சம் அவள் வீட்டில்தான், முப்பத்தொரு சதவீதம். பெருமையாக நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது பார்த்தால் வரிசை வரிசையாகப் பூஜ்யம். பகுதி முழுக்க மின்தடை என்றால் அந்த நேரத்தைக் கணக்கிலிருந்து கழித்துவிடுவது எங்கள் வழக்கம். பெட்டி அணைத்த நேரம் மின்தடைப் பட்டியலில் ஏறாது. அதனால் இருட்டில் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு கால் மணியையும் மிச்சம் என்று எழுதியிருந்தேன். நாலாயிரம் வீட்டிலும் அந்தப் பூஜ்யங்களைக் கழித்துப் பார்த்தேன். பதினெட்டு, நாலாகச் சுருங்கியது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் சுரைக்காய் ஒரு குழந்தையின் மூச்சை நிறுத்தப் பார்த்திருக்கிறது.

என்னோடு வந்திருந்த எங்கள் துறை டைரக்டரிடம் காட்டினேன். நல்ல மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். அன்றும் உயர்த்தவில்லை.

"குழந்தை தேறிட்டாளாம்மா? நல்லது. இதை ஊருக்குப் போய்ப் பேசிக்கலாம். இன்னைக்கு எழுதி வச்சதை வாசிங்க."

"சார், அந்த உத்தரவுல கையெழுத்து விழுந்துட்டா?"

"உங்களுக்கு அடுத்து பேசப்போற அம்மாவை நினைச்சுப் பாருங்க. போன வருஷம் இந்தப் பெட்டித் திட்டத்தையும் உங்க மிச்சக் கணக்கு அட்டவணையையும் கேட்டு வாங்கிட்டுப் போனவங்க. அவங்க நாட்டுல அறுபதாயிரம் வீட்டுல மாட்டியாச்சு. இத்தனை பேர் முன்னால அவங்க முகத்துல கரியைப் பூசப் போறீங்களா?"

அறுபதாயிரம். அது அதுவரை எனக்குத் தெரியாது. என் வாயை அடைக்க அவர் சொன்ன அந்த எண்தான் என்னைப் பேச வைத்தது.

மேடையில் எழுதி வைத்ததை வாசிக்கவில்லை. அக்கா வீட்டு மீட்டரின் ஒரே ஒரு நாளைத் திரையில் போட்டேன். "இது என் அக்கா வீடு, அக்கா கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் பார்த்தேன். இன்று காலை ஏழே காலுக்கு இந்த வீட்டில் ஒரு குழந்தை மூச்சு விட முடியாமல் கிடந்தது. அதையும் என் கணக்கு சேமிப்பில்தான் சேர்க்கும். உண்மையான சேமிப்பு நாலு சதவீதம். அரை மணி நேரம் என்று வைத்ததும் நான்தான்" என்றேன். யாரும் கை தட்டவில்லை. டைரக்டர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். என் வேலை இருக்கிறதா போயிற்றா என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை, மறுநாள்தான் பயம் வந்தது.

அடுத்து அந்தப் பெண்மணி மேடையேறினார். 'இருபத்தொரு சதவீதம்' என்று அவர் திரை சொன்னது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மைக்கை அணைத்துவிட்டு, இறங்கி நேராக என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"எங்க கணக்குலயும் பூஜ்யம் நிறைய இருக்கு. உங்களைப் பாத்துத்தான் மிச்சம்னு எழுதினோம்" என்றார். "உங்களுக்கு உங்க அக்கா கூப்பிட்டுச் சொன்னாங்க. எங்க ஜனங்க யாருகிட்டயும் என் நம்பர் இல்ல."

குறித்துக்கொள்ள அவர் பேனாவை எடுத்தார்.

"மெஷின் வச்சு மூச்சு விடுற ஆளுங்க எந்தெந்த வீட்டுல இருக்காங்கன்னு பெட்டி மாட்டுறதுக்கு முன்னால பட்டியல் எடுத்திருப்பீங்களே. அதைக் கொடுங்க. எப்படி எடுத்தீங்கன்னு பாத்து, நாங்களும் இன்னைக்கே எடுக்கணும்."

அப்படி ஒரு பட்டியலே இல்லை என்று அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது.