இரண்டு தலைக்கு ஒரு நூல்

கலியாணத்தில் தலையில் வைத்த நூல் இறங்க மறுத்துவிட்டதால், யதுர்சனும் அவன் மனைவி அரன்யாவும் வெளிநாட்டுப் புறநகரான ட்ருகனினாவில் ஒருவரை விட்டு ஒருவர் இரண்டு முழத்துக்கு மேல் தள்ளிப் போகாமல் சில வருடங்கள் குடும்பம் நடத்தினார்கள். அரன்யா தாய்லாந்துக்காரி. கோயிலில் தாலி கட்டுவதற்கு முதல்நாள் அவர்கள் முறைப்படி ஒரு சடங்கு நடந்தது. ஒரே வெள்ளை நூலின் இரண்டு முனையிலும் வளையம் போட்டு, ஒன்றை மாப்பிள்ளை தலையிலும் மற்றதைப் பெண்ணின் தலையிலும் வைத்து, பெரியவர்கள் சங்கால் கைகளில் நீர் வார்த்து வாழ்த்துவார்கள். முடிந்ததும் பெரியவர் ஒருவர் நூலைக் கழற்றிவிட வேண்டும். அரன்யாவின் தாய் சோம்ஸ்ரீ அதற்குக் கை நீட்டியபோது, யதுர்சனின் தாய் யோகா கதிரையை விட்டுப் பாய்ந்து எழும்பினார். “கலியாணக் கயிறை ஆரும் கழட்டுவினமோ? விடுங்கோ, அது கிடக்கட்டும்!” தாலியும் இதுவும் ஒன்றென்று அவர் நினைத்துவிட்டார். தமிழ் தெரியாத சோம்ஸ்ரீ, சம்பந்தி பெரிதாக ஏதோ வாழ்த்துகிறார் என்று எண்ணிக் கும்பிட்டுப் பின்வாங்கினார். இரண்டு நாள் கழித்துக் கழற்றப் பார்த்தபோது நூல் அசையவில்லை. கத்தரிக்கோல்தான் முறிந்தது.

ஊர் பழகிக்கொண்டது. யதுர்சன் வேலை செய்த வெயார்ஹவுசில் அரன்யாவுக்கும் ஒரு மஞ்சள் மேலங்கி கொடுத்து, நடைபாதைக் கோட்டுக்குள் நடக்கச் சொன்னார்கள். பின்னேரங்களில் அவள் வேலை செய்த முதியோர் இல்லத்தில் அவன் போர்வை மடித்தான். அங்கிருந்தவர்களுக்கு அவளைவிட அவனைத்தான் பிடித்துப்போயிற்று. குளிப்பது, சாப்பிடுவது, சண்டை பிடிப்பது எல்லாம் இரண்டு முழத்துக்குள். கோபித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்துகிற சுகம் மற்றத் தம்பதிகளுக்கு உண்டு, இவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அதோடு நின்றிருந்தால் சமாளித்திருப்பார்கள். உதவிக்கென்று இரண்டு தாய்மாரும் வந்து சேர்ந்தார்கள், யோகா முன்னறையில், சோம்ஸ்ரீ பின்னறையில். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. ஆனால் பிள்ளை எப்போது என்று கேட்பதில் இருவருக்கும் ஒரே வாய். யோகா முருங்கையிலைச் சாற்றை நீட்டினால் சோம்ஸ்ரீ இளநீரை நீட்டுவார். கட்டிலை ஒருவர் சன்னலோரம் இழுப்பார், மற்றவர் சுவரோரம் தள்ளுவார். ஒவ்வொரு புத்திமதிக்கும் நூல் ஒரு விரற்கடை குறுகுவதை யதுர்சன்தான் முதலில் கண்டுபிடித்தான். தாயிடம் சொல்லியும் பார்த்தான். “அப்ப அவவை வாயை மூடச் சொல்லு” என்றார் யோகா. அதற்கும் ஒரு விரற்கடை போயிற்று. கடைசியில் கன்னத்தோடு கன்னம் ஒட்டிவிட்டது. கண்டவர்கள் என்ன அன்பு என்று படம் எடுத்தார்கள். சொந்த மனைவியின் முகத்தைக் காண யதுர்சனுக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. அவள் சிரித்து நெடுநாளாகிவிட்டதையும் அந்தக் கண்ணாடியில்தான் கண்டான். இந்த நூல் கழன்றால் கதவைத் திறந்து நடக்கப்போகிறேன், திரும்பி வருவேனோ தெரியாது என்று அரன்யா ஆங்கிலத்தில் அமைதியாகச் சொன்னாள். அவளில்லாத வீட்டை நினைக்கவே அவனுக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் அவளையும் கூட்டிக்கொண்டு, இரண்டு தாய்மாரும் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் போனான்.

“அம்மா, நீங்கதான் கிடக்கட்டும் எண்டனீங்கள். நீங்கதான் கழட்டவேணும்.”

“கழட்டினா அவள் போயிடுவாளடா.”

“போனாப் போகட்டும். அவளுக்கு மூச்சு விடேலாமக் கிடக்கு. கழட்டுங்கோ.”

யோகாவின் கண் கலங்கியது. சோம்ஸ்ரீக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் மகளின் முகம் விளங்கியது. அவரும் பக்கத்தில் வந்து நின்றார். ஒருவர் மகன் தலையிலும் மற்றவர் மகள் தலையிலும் கை வைத்தார்கள். தலைமயிருக்குப் போடும் ரப்பர் வளையம் மாதிரி நூல் சுலபமாக வந்துவிட்டது. வந்ததை எங்கே வைப்பது என்பதுதான் பிரச்சினை. சடங்குப் பொருளை நிலத்தில் வைக்கக்கூடாது என்பதில் யாழ்ப்பாணமும் தாய்லாந்தும் ஒன்று. மேசையிலோ மீன் வெட்டிக் கிடந்தது. ஆகவே ஒரு தட்டம் எடுக்கும்வரைக்கும் என்று, கையிலிருந்த வளையத்தை ஆளாளுக்குத் தங்கள் தலையிலேயே வைத்துக்கொண்டார்கள். அது பிறகு இறங்கவில்லை.

அரன்யா அதைப் பார்க்க நிற்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள். அவள் பின்னால் ஓடத்தான் யதுர்சனுக்குக் கால் துடித்தது. கதிரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டான். ஒரு பக்கக் கன்னம் குளிர்ந்தது. வீதி முடிகிற இடத்தில், இன்னும் வீடு கட்டாத வெறுங்காணிவரைக்கும் அவள் தனியே போனதைப் பக்கத்து வீட்டுக் கேதீஸ்வரன் கண்டிருக்கிறார். அங்கே நின்று இரண்டு கையையும் விரித்து ஒரு சுற்றுச் சுற்றினாளாம். வெகுநேரம் நின்றாளாம்.

பிறகு அவள் கூப்பிட்டது வீட்டுக்குள் கேட்டது.

“யது! வாறியா?”

மாமியார் மகனைக் கூப்பிடுவதைக் கேட்டுப் பழகிய தமிழ் அது. கலியாணம் முடித்த நாளிலிருந்து அவள் அவனைக் கூப்பிட்டதேயில்லை. கூப்பிடுகிற தூரத்தில் அவன் ஒருநாளும் இருந்ததில்லை. “வாறன்!” என்று கத்திக்கொண்டு வெறுங்காலோடு ஓடினான். குசினியில் இரண்டு தாய்மாரும் தலையில் நூலோடு, மீனை எப்படிப் பொரிப்பது என்று ஒருவருக்கொருவர் தங்கள் பாஷையில் புத்தி சொல்லத் தொடங்கியிருந்தார்கள். இப்போது சந்தைக்குப் போகையில் அவர்களுக்கு ஒரு குடை போதும்.