நாற்பது கிலோ அழுத்தம்

சூலூரில் ரங்கராஜின் பட்டறையில் இருபது வருடமாக ஆழ்துளைக் கிணற்று மோட்டார்கள்தான் செய்துகொண்டிருந்தார்கள். 1998-ல் சென்னையிலிருந்து இரண்டு விஞ்ஞானிகள் வந்து, உருளைக்கிழங்கு போலிருந்த ஒரு கறுப்புக் கல்லை மேசைமேல் வைத்தார்கள். நடுக்கடலின் அடியில் இப்படிக் கோடிக்கணக்கில் கிடக்கின்றன, உள்ளே நிக்கலும் செம்பும் கோபால்ட்டும் இருக்கின்றன, சேற்றோடு சேர்த்து உறிஞ்சி மேலே அனுப்ப ஒரு பம்பு வேண்டும் என்றார்கள். முதல் சோதனை நானூறு மீட்டர் ஆழத்தில். சந்தோஷத்தில் அன்று மத்தியானம் ரங்கராஜுக்குச் சோறே இறங்கவில்லை.

எட்டு மாதம் அவரும் ஃபிட்டர் அரங்கசாமியும் அந்தப் பம்போடு மல்லுக்கட்டினார்கள். ஐந்தாவது வார்ப்புதான் விரிசல் இல்லாமல் வந்தது. நானூறு மீட்டரில் தண்ணீர் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் நாற்பது கிலோ அழுத்தத்தில் நெருக்கும். அதைத் தாங்குகிறதா என்று பார்க்க, கனத்த இரும்புத் தொட்டிக்குள் பம்பை இறக்கி, மூடியை போல்ட் போட்டு முறுக்கி, தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்ற வேண்டும்.

சோதனையன்று விஞ்ஞானிகளும் வந்திருந்தார்கள். சாயங்கால ரயிலைப் பிடிக்க வேண்டுமென்று ஒருவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அரங்கசாமி மூடியில் காற்றை வெளியேற்றுவதற்கென்று இருந்த திருகைக் காட்டினார். "ஏனுங்க மொதலாளி, உள்ள காத்து நிக்குதுங்க. முழுசா எடுத்துப்போட்டு ஏத்தலாமுங்க. அரை மணி நேரம் குடுங்க."

தண்ணீர் மட்டும் இருந்தால், போல்ட் விட்டாலும் பீச்சியடிப்பதோடு போகும். காற்று இருந்தால் வெடிக்கும். ரங்கராஜுக்கும் அது தெரியும்.

"கொஞ்சந்தானுங்கண்ணா இருக்கும். ஏத்துங்க."

அழுத்தம் முப்பத்தாறு கிலோவைத் தொட்டபோது மூடி பிய்த்துக்கொண்டு பறந்து அரங்கசாமியின் நெஞ்சில் அடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், சிங்காநல்லூர் தாண்டுவதற்குள் அவர் மூச்சு நின்றுவிட்டது.

"காத்தை எடுக்க மறந்துபோட்டாருங்க" என்று போலீசிடம் சொன்னார் ரங்கராஜ். வாயில் தானாக வந்த வார்த்தை. பிறகு அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

காரியம் முடிந்த மறுநாள் அரங்கசாமியின் மனைவி வள்ளியாத்தாள் பட்டறைக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"கேஸ் அடுப்பை அணைச்சுப்போட்டு ரெண்டு வாட்டி திருப்பிப் பாக்குற மனுசனுங்க அவரு. மறந்தாருங்களா?"

ரங்கராஜ் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"மறக்கலீங்கக்கா. சொன்னாருங்க. நாந்தான் கேக்கலீங்க."

அவள் அழவில்லை. "அப்ப அதை எழுதிக் குடுங்க. கவனமில்லாம செத்துட்டாருன்னு ஊரே பேசுது. என்னால தாங்க முடியலீங்க."

அன்று பிற்பகலே அவர் ஸ்டேஷனுக்குப் போய் வாக்குமூலத்தை மாற்றினார். வழக்கு நடந்தது. பட்டறைக்கு சீல் வைத்தார்கள். பம்பின் வரைபடங்கள் வேறொரு கம்பெனிக்குப் போயின. இரண்டு வருடம் கழித்து, அந்த வரைபடப்படி செய்து கப்பலிலிருந்து இறக்கிய பம்பு கடலடி மண்ணை உறிஞ்சி மேலே கொண்டுவந்ததாக விஞ்ஞானி ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். ரங்கராஜ் படித்து மடித்து வைத்தார். யாரிடமும் சொல்லவில்லை.

அதன்பின் ஒருநாள் சூலூர் பஸ் ஸ்டாண்டில் வள்ளியாத்தாளைப் பார்த்தார். எதிரே போய் நின்று கும்பிட்டார். அவள் அவரை நன்றாக ஏறிட்டுப் பார்த்தாள். திருப்பூர் பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள்.