கால் வலி தேவலையா

இறந்த அன்று காலை லிஃப்ட் மெக்கானிக் ரொட்டிக்கடைக்குப் போய், வழக்கம்போல விரிசல் விட்ட கறுப்புத் தரைக்கல்லின் மேல் நின்று, "கால் வலி தேவலையா?" என்று கடைக்காரரை அந்த ஊர்ப் பாஷையில் விசாரித்தார். "தேவலை" என்றார் கடைக்காரர். ரொட்டியோடு திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்து ஒரு ஷூவின் கயிற்றை அவிழ்த்தவர், மற்றதை அவிழ்க்கவில்லை. பன்னிரண்டாம் நாள் அவர் மனைவி முதன்முறையாகத் தனியே ரொட்டி வாங்கப் போனாள். அதே கல்லில் கால் பட்டதும், இருபத்திரண்டு வருஷமாக அவள் வாயில் நுழையாத பாஷை பிசகில்லாமல் வந்து, "கால் வலி தேவலையா?" என்று கேட்டது. "தேவலை" என்றார் கடைக்காரர், ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே. ஓரடி நகர்ந்ததும் பாஷை போய்விட்டது.

அந்தக் கால் வலி பழையது. வேறு தேசத்திலிருந்து குடிவந்த புதிதில், கடைக்காரர் நொண்டுவதைப் பார்த்து மெக்கானிக் கேட்டுவிட்டார். அந்த ஊரில் அடுத்தவர் உடம்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. தட்டாமல் கதவைத் திறப்பது போன்ற காரியம் அது. கடைக்காரர் காதுவரை சிவந்து, ஆனாலும் பதில் சொன்னார். வலி ஒரே மாதத்தில் தீர்ந்தது. பேச்சைத் தொடங்க வேறு வழி இருவருக்கும் தெரியாததால் கேள்வி மட்டும் தங்கிவிட்டது.

மனைவி பாஷை கற்காததற்குச் சோம்பல் காரணமில்லை. வீட்டில் தையல் மிஷின் வைத்துப் பேன்ட் நீளம் குறைப்பவளுக்கு சாக்பீஸும் குண்டூசியும் போதுமாக இருந்தன. மீதியை மெக்கானிக் பேசினார். வாசலுக்கு வெளியே அவர் வாய், உள்ளே அவள் வாய் என்று ஏற்பாடு. ஊர்ப் பாஷையை அவர் ஷூவோடு வெளியிலேயே விட்டுவிட்டு வருவார் என்பதால் ரொட்டிக்கடையிலிருந்து திரும்பி வீட்டுக்குள் தேடியதில் அவளுக்கு ஒரு சொல்கூடக் கிடைக்கவில்லை. வெளியில் நிறைய இருந்தது. மருந்துக்கடையில் எடை பார்க்கும் மிஷினுக்குப் பக்கத்தில் நின்றால் இருமலைப் பற்றிப் பேச முடிந்தது. வயிற்றுவலியைப் பற்றி முடியவில்லை, அவருக்கு அது வந்ததில்லை. பல் டாக்டரின் நாற்காலியில் ஒரே ஒரு சத்தம்தான் இருந்தது, அது எல்லாப் பாஷைக்கும் பொது. அவர் பராமரித்த லிஃப்டுகளில் ஏறி, "கை வைக்காதீங்க! பத்து நிமிஷம்!" என்று கூட வந்தவர்களை அதட்டினாள். ஒன்பது மாடிக் கட்டடத்தின் உச்சியில் இருந்த மோட்டார் அறைக்குள் அவள் காலை வைத்ததும் வந்தவை, சூப்பர்வைசரைப் பற்றி அவர் வைத்திருந்த நான்கு வார்த்தைகள். கூட வந்த வாட்ச்மேன் கைதட்டினார்.

வேறு ஊரில் வாழ்க்கைப்பட்ட மகள் தினமும் போன் செய்தாள்.

"எங்கூட வந்துரும்மா. அங்க யார்கிட்ட பேசுவ?"

"உங்கப்பா நின்ன எடத்துலல்லாம் பேசுறேன்டி."

"பஸ்ல?"

"ரெண்டாவது ஜன்னல் சீட்டு கெடைச்சா பேசுவேன்."

அப்போதுதான் குடியேற்ற அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. குடியிருக்கும் அனுமதி கணவர் பெயரில் இருந்ததால், அவள் நேரில் வந்து, துணைக்கு ஆள் இல்லாமல், தானே பேசிக் கேட்க வேண்டும். இல்லையென்றால் முப்பது நாளில் ஊரைவிட்டுப் போக வேண்டும். "நல்லதாப் போச்சு, மூட்டையக் கட்டு" என்றாள் மகள். "உங்கப்பா பேச்சையெல்லாம் யாரு பாத்துக்குவா?" என்றாள் அம்மா.

அலுவலகத்தில் ஏழு ஜன்னல்கள். ஒவ்வொரு வரிசையிலும் நின்று பார்த்தாள். நான்காவதில், மின்விசிறிக்கு நேர் கீழே, நாக்கு அசைந்தது. ஆனால் மெக்கானிக் அங்கே வந்தது ஊருக்கு வந்த மறுநாள். ரயிலில் மனப்பாடம் செய்த ஒரே வாக்கியம்தான் அன்று அவரிடம் இருந்தது. "நாங்க ரெண்டு பேரு" என்றாள் அவள். அதிகாரியம்மாள் காகிதத்தைப் பார்த்தார். "ரெண்டு பேரா?" "நாங்க ரெண்டு பேரு." பின்னால் யாரோ செருமினார்கள். அந்த இடத்தில் வேறு எதுவும் இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. அவர் விட்டுப்போன அந்த ஒரு வாக்கியத்தைவிட்டு, அவர் நின்றிராத இடத்துக்கு ஓரடி நகர்ந்தாள். வாய் காலியாக இருந்தது. பஸ்ஸிலும் லிஃப்டிலும் கடையிலும் தன் வாய்வழியே போனவற்றில் ஞாபகம் இருந்ததை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கோணலும் மாணலுமாகச் சேர்த்தாள்.

"அவர் எறங்கியாச்சு. நான் இருக்கேன். கை வைக்காதீங்க."

அதிகாரியம்மாள் காகிதத்தின் மேலிருந்த கையை எடுத்தார். முத்திரையைக் குத்தினார்.

அன்றிலிருந்து நான்காம் ஜன்னலுக்கு ஓரடி தள்ளி நிற்கும் புதியவர்கள், எந்தத் தேசத்தவரானாலும், முதலில் "நான் இருக்கேன்" என்று சொல்கிறார்கள். அலுவலகம் இதற்கென்று அறிவிப்பு எதுவும் ஒட்டவில்லை. வரிசைக் கயிற்றை மட்டும் ஓரடி வலப்பக்கம் நகர்த்திக் கட்டியது.

பிறகு வந்த வருஷங்களில் அவள் சொந்தமாகவே வயிற்றுவலி வரைக்கும் கற்றுக்கொண்டாள். எங்கே நின்றாலும் பேசுகிறாள், தப்பும் தவறுமாக. ரொட்டிக்கடையில் தரையை மாற்றியபோது கடைக்காரர் அந்தக் கறுப்புக் கல்லை மட்டும் பெயர்க்க விடவில்லை. அவளுக்கு இப்போது அது தேவையில்லை. ஆனாலும் அதன்மேல் நின்றுதான் கேட்கிறாள். கடைக்காரரின் கால் நன்றாகத்தான் இருக்கிறது. அவர் "தேவலை" என்கிறார்.