மூச்சு விட்டால் தொண்ணூறு

நூல் ஆலையின் சோதனை அறையில் தராசுக்காரி வைத்ததுதான் சட்டம். நூற்றிருபது கஜம் நூலைச் சுற்றி எடுத்துக் கொக்கியில் தொங்கவிடுவாள். அது எத்தனையாம் நம்பர் என்று முள் காட்டிவிடும். நீளம் மாறாது. எடை குறையக் குறைய நூல் சன்னம், நம்பர் ஏறும். பக்கத்துத் தெருவில் ஒரு கொசு கால் மாற்றி உட்கார்ந்தாலும் அந்த முள்ளுக்குத் தெரிந்துவிடும்.

அன்றைக்குச் சரக்கு வாங்குகிறவரே நேரில் வந்துவிட்டார். நூறாம் நம்பர் கேட்டிருந்தார். ஒரு நம்பர் குறைந்தாலும் அவர் வெறும் லாரியோடு போய்விடுவார்; தராசுக்காரியைக் கழிவுப் பஞ்சு குடோனுக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே மேஸ்திரி அவளுடைய மாமியார்!

தொங்கவிட்டாள். முள் நூறில் நின்றது.

"அப்பாடா!" என்று மேனேஜர் பெருமூச்சு விட்டார். முள் தொண்ணூற்றெட்டுக்கு இறங்கியது.

"ஐயோ சார், நூலு ஈரத்தக் குடிக்கும். உங்க மூச்சுலதான் எடை கூடிடுச்சு."

"என் மூச்சா? கூப்பிடு ஃபிட்டர!"

ஃபிட்டர் வந்தார். அவர் பின்னால் எலக்ட்ரீஷியன், அவர் பின்னால் வேடிக்கை பார்க்க அரை ஆலை. ஆளுக்கொரு யோசனை, யோசனைக்கு இரண்டு மூச்சு. தொண்ணூற்றைந்து. தொண்ணூறு. கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாமியாரும் தலையை நீட்டினாள்.

"ஏன்டி, இது நூலா, கெணத்துக் கயிறா? எப்ப வர்ற எங்கிட்ட?"

எண்பத்தாறு.

"எல்லாரும் வெளிய போங்க! அத்தை, மொதல்ல நீங்க!"

அத்தனை பேரையும் நெட்டித் தள்ளினாள். முள் மெல்ல ஏறித் தொண்ணூற்றெட்டில் முரண்டு பிடித்தது. மிச்சம் இருந்தவர் வாங்குகிறவர்.

"நானுமா?"

"உங்களுது கொஞ்சம் கனமான மூச்சு சார். தப்பா நெனச்சுக்காதீங்க."

அவர் போனதும் தொண்ணூற்றொன்பது. மிச்சம் ஒரே ஒரு மூக்கு, அது அவளுடையது. அதையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். எல்லாரும் ஜன்னல் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டார்கள். ஆளில்லாத அறையில் முள் ஜம்மென்று நூறில் போய் நின்றது.

வாங்குகிறவர் தாடையைச் சொறிந்தார். "சட்டை தைக்க வாங்குறேன்மா. சட்டைக்குள்ள ஒருத்தன் இருப்பானே, மூச்சு விடுவானே?"

"அது அவன் பாடு சார். நூலு மேல குத்தம் சொல்லக்கூடாது."

அந்த நியாயம் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. 'நூறாம் நம்பர்தான், யாரும் கிட்டே போகாத வரைக்கும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தராசுக்காரியின் நாற்காலி தப்பியது. மூட்டைகளை ஏற்றி முடித்ததும் லாரி டிரைவரை மேனேஜர் தனியாகக் கூப்பிட்டார்.

"வழியில கொட்டாவி கிட்டாவி விட்டுடாதப்பா."